ஊர் மரம், ஊரார் பழம்

குழி வெட்டுவது ஒரு நாள் வேலை. அதில் வைத்த கன்று மரமாகுமா, மரமானால் பழம் யார் வீட்டுக்குப் போகும் என்பதெல்லாம் அதற்கு முன்பே ஊர் கூடித் தீர்மானிக்க வேண்டியவை. பொதுவில் பழ மரம் வளர்த்து வென்ற ஊர்களின் கதை இது.

மாசி, பங்குனி மாதங்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பழைய சாலைகளில் பயணம் செய்கிறவர்கள் இந்தக் காட்சியைத் தவறவிட முடியாது. புளிய மரத்தின் கிளையில் நின்று ஒருவர் உலுக்குகிறார். கீழே விரித்திருக்கும் தார்ப்பாயில் பழம் சடசடவென்று கொட்டுகிறது. நழுவி ஓடியவற்றைப் பெண்கள் கூடையில் பொறுக்குகிறார்கள். பிறகு மூட்டைகள் ஊருக்குள் போய்ச் சேரும். ஓட்டைத் தட்டி, நாரை உருவி, கொட்டையை எடுக்கும் வேலை வெயில் காலம் முழுக்கத் திண்ணைகளிலும் வேப்ப மர நிழல்களிலும் நடக்கும்.

அந்த மரம் உலுக்குகிறவருக்குச் சொந்தமில்லை. நிலமும் அவருடையதில்லை. நெடுஞ்சாலைத் துறையோ ஊராட்சியோ விட்ட ஏலத்தில் அந்த ஆண்டின் மகசூலை எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். ஏலப்பணம் பொதுக் கணக்குக்குப் போகிறது. கூலி ஊர்ப் பெண்களின் கைக்கு வருகிறது. புளி சந்தைக்குப் போகிறது. மரத்தை வைத்தவர் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் வைத்த மரம் மூன்று தலைமுறையாகப் படியளந்துகொண்டிருக்கிறது.

பொதுவில் பழ மரம் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிய யோசனை இல்லை. பாதியில் விட்டுப்போன பழக்கம் அது. அதை மறுபடி கையில் எடுக்க நினைக்கும் ஊர்களும் குடியிருப்புகளும் பள்ளிகளும் இன்று பெருகி வருகின்றன. அவர்கள் முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: நட்டதைக் காய்க்க வைப்பது எப்படி?

சாலை போட்டவர்கள் மரமும் வைத்தார்கள்

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் தம் தூண் கல்வெட்டில், வழிகளில் நிழலுக்கு ஆலமரம் வைத்ததையும் மாந்தோப்புகள் அமைத்ததையும் பதிவு செய்திருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் தென்கோடிவரை போட்ட சாலை இன்றும் பல இடங்களில் மங்கம்மாள் சாலை என்றே வழங்குகிறது. சாலையோடு சத்திரமும் தண்ணீர்ப் பந்தலும் மரமும் சேர்ந்தே வந்த காலம் அது. நடந்தும் மாட்டு வண்டியிலும் போனவர்களுக்கு நிழலும் பசிக்குப் பழமும் தேவைப்பட்டன.

கோயில்கள் இன்னொரு வகையில் பழ மரங்களைக் காப்பாற்றின. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் மா, திருவானைக்காவில் வெண்ணாவல், குற்றாலத்தில் குறும்பலா எனத் தலவிருட்சமாக நிற்கும் பழ மரங்கள் பல. கிளையை ஒடிக்கக்கூட யாரும் துணியாததற்குப் பக்தி ஒரு காரணம். மரம் ஊருக்கே உரியது என்ற எண்ணம் அதே அளவுக்குப் பலமான காரணம்.

பிறகு சாலைகள் நான்கு வழி, ஆறு வழியாக விரிந்தன. இருபுறமும் கைகோத்து நின்ற புளிய மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. வெட்டிய ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்ற விதி வந்தது. ஆனால் அப்படி வைத்தவற்றில் பெரும்பாலானவை நிழலுக்கும் அழகுக்குமான மரங்கள். நடுத்திட்டில் அரளி பூத்தது. காய்க்கும் மரங்கள் பட்டியலில் பின்னுக்குப் போயின.

கிராமங்களிலும் இதே கதைதான். கண்மாய்க் கரையின் நாவல், மந்தையின் இலந்தை, வேலியோரக் கொடுக்காப்புளி, களத்துமேட்டு விளா ஆகியவற்றின் பழத்துக்கு யாரும் விலை வைத்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கல்லெறிந்து தின்றுவிட்டுப் போனார்கள். இன்று அதே நாவல் பழத்தை நகரத்துச் சாலையோரத்தில் கூறு கட்டி விற்கிறார்கள். நாள் ஒன்றுக்கு ஒருவர் குறைந்தது 400 கிராம் காய்கனி உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காசு கொடுத்து வாங்கித்தான் அந்த அளவை எட்ட முடியும் என்றால், முதலில் வாய்க்கு எட்டாமல் போவது ஏழை வீட்டுப் பிள்ளைக்குத்தான்.

கன்று ஏன் காய்கிறது?

மரம் நடும் ஆர்வத்துக்குத் தமிழ்நாட்டில் குறைவில்லை. அப்துல் கலாம் ஊட்டிய ஊக்கத்தில் நடிகர் விவேக் ஒரு கோடி மரக்கன்று என்ற இலக்கோடு ஊர் ஊராகப் போனார். 2021 ஏப்ரலில் அவர் மறையும்வரை அந்தப் பணி நிற்கவில்லை. காடும் மரங்களும் உள்ள பரப்பை மாநிலத்தின் 33 சதவீதமாக உயர்த்தும் நோக்கத்தோடு பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை அரசு 2022 செப்டம்பரில் தொடங்கியது. நாற்றங்கால்களில் கன்றுகள் கிடைக்கின்றன. நடுவதற்கு ஆட்களும் கிடைக்கிறார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. முதல் சிக்கல் தேதி. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் என்பதால் அன்று ஊரெங்கும் கன்று நடுகிறார்கள். குமரி, தென்காசி, நீலகிரி போன்ற இடங்களுக்குத் தென்மேற்குப் பருவமழை கைகொடுக்கும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கோ பெருமழை அக்டோபரில்தான் வருகிறது. ஜூனில் வைத்த பிஞ்சுக் கன்று நான்கு மாத வெயிலைத் தாண்ட வேண்டும். யாராவது தினமும் தண்ணீர் ஊற்றினால்தான் அது நடக்கும்.

அந்த யாராவது யார் என்பது இரண்டாவது சிக்கல். எல்லோருக்கும் பொதுவான கன்றுக்கு எல்லோரும் ஊற்றுவார்கள் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். ஆடு மேய்ந்துவிட்டால் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. பிழைத்து வளர்ந்தாலும், முதல் காய்ப்பைப் பிஞ்சிலேயே யாரோ பறித்துப் போனால் தண்ணீர் ஊற்றியவருக்கு மனம் விட்டுப்போகிறது.

பொதுச் சொத்தை ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று 1968இல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. அப்படி நடந்தே தீர வேண்டியதில்லை என்று காட்டியவர் ஆய்வாளர் எலினார் ஆஸ்ட்ரம். மேய்ச்சல் நிலம், பாசன வாய்க்கால், மீன்பிடிப் பகுதி எனப் பல நாடுகளின் பொதுச் சொத்துகளை ஆராய்ந்து 1990இல் அவர் எழுதிய நூல், பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்து, அவர்களே கண்காணித்து, மீறியவரைத் தட்டிக்கேட்கும் இடங்களில் பொதுச் சொத்து பல தலைமுறை நிலைக்கிறது என்று நிறுவியது. 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது; அந்தத் துறையில் அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். ஊராரே கூடிப் பராமரிக்கும் குடிமராமத்து நடந்த ஏரிகளைக் கொண்ட நம் நாட்டுக்கு அந்த முடிவு அந்நியமானதில்லை.

பெண் பிறந்தால் 111 மரம்

ராஜஸ்தானின் ராஜ்சமந்த் மாவட்டத்தில் பளிங்குச் சுரங்கங்களுக்கு நடுவே இருக்கிறது பிப்லாந்திரி. சுரங்கக் கழிவு மேடுகளும் வறண்ட மேய்ச்சல் நிலமுமாகக் கிடந்த ஊர். அதன் ஊராட்சித் தலைவராக இருந்த ஷியாம் சுந்தர் பாலிவால், இளம் வயதில் இறந்துபோன தம் மகள் கிரணின் நினைவாக ஒரு மரம் வைத்தார். அதையே ஊர் வழக்கமாக மாற்றினார். ஊரில் ஒரு பெண் குழந்தை பிறந்தால், ஊர்ப் பொது நிலத்தில் 111 கன்றுகள்.

வேம்பு, சிசு மரம் (ஷீஷம்) ஆகியவற்றோடு மாவும் நெல்லியும் வைத்தார்கள். கரையான் அண்டாமல் இருக்க மரங்களைச் சுற்றிக் கற்றாழை நட்டார்கள். கற்றாழை பெருகியதும் அதிலிருந்து சாறும் களிம்பும் தயாரிப்பது பெண்களுக்கு வருமானமானது. மழை நீரைத் தேக்கத் தடுப்பணைகள் கட்டினார்கள்.

இந்த ஊரின் வெற்றிக்கு அடிப்படை, கன்றோடு சேர்ந்து எழுதப்படும் ஒப்பந்தம். குழந்தையின் பெயரில் ஊரார் 21,000 ரூபாயும் பெற்றோர் 10,000 ரூபாயும் போட்டு வைப்புத் தொகை வைக்கிறார்கள். பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் செய்ய மாட்டோம், பள்ளிக்கு அனுப்புவோம், மரங்களைப் பராமரிப்போம் என்று பெற்றோர் உறுதிப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்கள். மரம் பொது, ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பிள்ளையின் பெயரும் ஒரு வீட்டின் பொறுப்பும் உண்டு. ரக்ஷாபந்தன் நாளில் சிறுமிகள் தங்கள் மரங்களுக்கு ராக்கி கட்டுகிறார்கள். பாலிவாலுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்திலுள்ள கண்ணபுரம் வேறு வழியில் போனது. அங்கே பிரச்சினை புதிதாக நடுவதைவிட, இருக்கும் நாட்டு மாமரங்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்படுவதாக இருந்தது. ஊரார் வீடு வீடாகப் போய்த் தங்கள் ஊரின் மா வகைகளைப் பதிவு செய்தார்கள். பட்டியல் இருநூறைத் தாண்டியது. வயதான மரங்களிலிருந்து குச்சி எடுத்து ஒட்டுக்கட்டிப் பரப்பினார்கள். 2020இல் அந்த ஊரின் ஒரு பகுதி நாட்டு மா மரபுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. எந்த வீட்டு வாசலில் நின்றாலும் மரம் ஊரின் செல்வம் என்ற எண்ணம் அங்கே வேர்பிடித்திருக்கிறது. அதே கேரளம் 2018 மார்ச்சில் பலாவைத் தன் மாநிலப் பழமாக அறிவித்ததும் இதே மனப்போக்கைக் காட்டுகிறது.

பூங்காவில் பறிக்கலாம்

நகரத்தில் இது நடக்குமா என்ற கேள்விக்குச் சில மேலை நகரங்கள் பதில் சொல்லியிருக்கின்றன.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பீக்கன் ஹில் பகுதி மக்கள் 2009இல், நிலைத்த வேளாண்மை பற்றிய வகுப்பு ஒன்றில் பயிற்சிக்காக ஒரு வரைபடம் போட்டார்கள். நகரின் குடிநீர்ச் சேவைத் துறைக்குச் சொந்தமான 7 ஏக்கர் சரிவில் ஓர் உணவுக் காடு என்பதே திட்டம். பல மொழி பேசும் குடியேறிகள் வாழும் பகுதி என்பதால் அவரவர் வேண்டும் பழங்களைக் கேட்டுப் பட்டியல் போட்டார்கள். 2012இல் வேலை தொடங்கியது. ஆப்பிள், பேரி, பிளம், பெர்ரி வகைகள் அங்கே காய்க்கின்றன. வேலியும் இல்லை, சீட்டும் இல்லை, யாரும் பறிக்கலாம். தோட்ட வேலைக்குக் குறித்த நாட்களில் தன்னார்வலர்கள் கூடுகிறார்கள்.

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் உள்ள சிறு நகரம் ஆண்டர்நாக். அதன் நகராட்சி 2010இல் பழைய கோட்டைச் சுவரோரம் 101 வகைத் தக்காளியை நட்டு, யார் வேண்டுமானாலும் பறிக்கலாம் என்று அறிவித்தது. அடுத்தடுத்து காய்கறிகளும் பழ மரங்களும் சேர்ந்தன. நீண்ட நாள் வேலையில்லாதவர்களுக்குத் தோட்டப் பராமரிப்பில் வேலை கிடைத்தது. அதே நாட்டில், உரிமையாளர் பறிக்காத மரத்தில் மஞ்சள் நாடா கட்டியிருந்தால் போகிற வருகிறவர்கள் அனுமதி கேட்காமலே பறித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் பல ஊர்களில் இருக்கிறது. ஒரு முழ நாடா, பழம் தரையில் விழுந்து அழுகுவதைத் தடுக்கிறது.

பிலடெல்பியாவில் 2007இல் தொடங்கிய பழத்தோட்ட அமைப்பு ஒரு நல்ல விதியைக் கடைப்பிடிக்கிறது. தானாகப் போய் எங்கும் மரம் வைப்பதில்லை. பள்ளியோ குடியிருப்போ தேவாலயமோ, மரத்தைக் கவனிக்க ஆட்களோடு கேட்டு வந்தால் மட்டுமே கன்றும் பயிற்சியும் தருகிறது. நட்ட பிறகு மரமும் பழமும் அந்த மக்களுக்கே. வருமானம் குறைந்த பகுதிகளுக்கு முன்னுரிமை.

கையில் இருக்கும் உரிமை: 2சி பட்டா

வெளியூர் முன்மாதிரிகளைத் தேடும் பலருக்கு, தமிழ்நாட்டு வருவாய்த் துறையிலேயே ஒரு நல்ல ஏற்பாடு இருப்பது தெரிவதில்லை. அரசுப் புறம்போக்கில் மரம் வைத்து வளர்ப்பவருக்கு அதன் பலனை அனுபவிக்கும் உரிமையைத் தருவது 2சி பட்டா. கிராம நிர்வாக அலுவலர் பராமரிக்கும் கிராமக் கணக்குகளில் இதற்கான பதிவேட்டின் எண்தான் 2சி. மரப்பட்டா என்றும் சொல்வார்கள். ஆண்டுதோறும் சிறு தொகையை மர வரியாகக் கட்ட வேண்டும். நிலம் அரசுடையதாகவே இருக்கும். மரத்தை இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. காயும் கனியும் மட்டும் வளர்த்தவருக்கு.

வளர்க்கிறவருக்குப் பலன் என்ற இந்தச் சின்ன விதியில்தான் வழி இருக்கிறது. நிலமில்லாத குடும்பங்களுக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் பொது நிலத்து மரங்களின் பராமரிப்பையும் மகசூலையும் பங்கு பிரித்துக் கொடுத்தால், தண்ணீர் ஊற்ற ஆள் தேட வேண்டியிருக்காது. ஊராட்சி ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் குழுவுக்கு விடலாம். ஏலம் பெரும் பணம் வைத்திருப்பவரின் கைக்குப் போகாமல் இருக்கவும் அதுவே வழி.

எந்த இடத்தில் எது?

இடத்துக்கு ஏற்ற மரம் என்பதில் தவறினால் பத்து ஆண்டு கழித்துக் கோடாரி வரும். மின்கம்பிக்கு அடியில் மா வைத்தால் ஆண்டுதோறும் கிளை போகும். நடைபாதையோரம் தென்னையும் பலாவும் ஆபத்து. காய் தலையில் விழும். நாவல் பழுத்தால் தரை முழுக்கக் கறை. அதை வாகனம் நிறுத்தும் இடத்தில் வைக்காமல், ஊருணிக் கரையிலோ பூங்காவின் மூலையிலோ வைத்தால் யாருக்கும் வருத்தமில்லை.

ஏரிக்கரைக்குப் பனை. மண்ணைப் பிடித்து நிறுத்தும், தண்ணீர் கேட்காது. காய்க்கப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆகலாம் என்பதால் பொறுமையுள்ள ஊருக்குத்தான் அது சரி. 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், ஆட்சியர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. வறண்ட மந்தைக்கு நெல்லி, விளா, இலந்தை, கொடுக்காப்புளி. அகலமான சாலையோரத்துக்குப் புளி. விதையிலிருந்து வளரும் புளி காய்க்க எட்டு, பத்து ஆண்டு ஆகும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 ரக ஒட்டுக்கன்று அதில் பாதிக்கும் குறைவான காலத்தில் காய்ப்புக்கு வந்துவிடும். பள்ளி வளாகத்துக்குக் கொய்யா, சீதா, சப்போட்டா. நட்ட பிள்ளை அந்தப் பள்ளியை விட்டுப் போவதற்குள் கொய்யா பழம் தந்துவிடும். சத்துணவுக் கூடத்தில் கை கழுவும் தண்ணீர் ஓடி வீணாகும் இடம் வாழைக்கும் எலுமிச்சைக்கும் பொருத்தம்.

குழியருகே கொஞ்ச நேரம்

மா, பலா, புளிக்கு மூன்றடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழி வேண்டும். வெட்டியதும் நட்டுவிடக் கூடாது. இரண்டு வாரம் வெயிலில் ஆற விட்டு, மேல்மண்ணோடு மக்கிய தொழு உரமும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்ப வேண்டும். கன்றின் பிளாஸ்டிக் பையைப் பிளேடால் கீறி, வேர் மண் உடையாமல் இறக்க வேண்டும். பையோடு புதைத்துவிட்டுப் போவது விழாக்களில் நடக்கும் பெரிய தப்பு.

ஒட்டுக்கன்றில் தண்டின் மேல் ஒரு முடிச்சுபோலத் தெரியும். அதுதான் ஒட்டு. அது மண்ணுக்கு மேலே அரை அடி உயரத்தில் நிற்க வேண்டும். ஒட்டுக்குக் கீழேயிருந்து துளிர் வந்தால் உடனே கிள்ளி எறிய வேண்டும். அது வளர்ந்தால் மேலே ஒட்டிய நல்ல ரகம் நலிந்து போகும். கீழேயுள்ள வேர்க்கன்று மட்டும் மரமாகும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் வரும் பூவையும் உதிர்த்துவிடுவது நல்லது. இல்லையென்றால் கன்றின் பலம் காயில் போய்விடும்.

தண்ணீருக்கு ஒரு பழைய உத்தி உண்டு. மண்பானையின் அடியில் சிறு ஓட்டை போட்டு, பருத்தித் திரி செருகி, கன்றுக்குப் பக்கத்தில் கழுத்தளவு புதைத்து, நிரப்பி மூடிவிடுகிறார்கள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வேருக்கு இறங்கும். வாரத்துக்கு ஓரிரு முறை நிரப்பினால் போதும். மேலே காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் இன்னும் நிற்கும். சுற்றிலும் கருவேல முள் அடைத்தால் ஆட்டின் வாய் எட்டாது.

பெரிய பழ மரங்களில் வௌவால் வரும். அவை விதை பரப்பி உதவுபவை, விரட்ட வேண்டியதில்லை. கடிபட்ட, கொத்துப்பட்ட பழத்தைத் தின்னக் கூடாது என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

கிராமசபையில் கேளுங்கள்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பொதுப் பழ மரத்துக்கு ஆகஸ்ட் 15 பொருத்தமான நாள். அன்று தீர்மானம் நிறைவேறினால் செப்டம்பரில் குழி வெட்டி ஆற விடலாம். அக்டோபர் மழையோடு கன்று வைக்கலாம்.

தீர்மானத்தில் எத்தனை கன்று என்பதோடு நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தச் சர்வே எண்ணில் நடுகிறோம், அந்த நிலம் எந்தத் துறையுடையது? முதல் மூன்று ஆண்டு தண்ணீர் ஊற்றும் பொறுப்பு எந்தக் குடும்பத்துக்கு அல்லது குழுவுக்கு, அதற்கு என்ன கூலி? காய்த்த பிறகு பறிக்கும் நாள் எது, பங்கு எப்படி? பச்சைப் பிஞ்சைப் பறித்தாலோ ஆட்டை விட்டாலோ யார் கேட்பது, என்ன அபராதம்? நகரத்துக் குடியிருப்புச் சங்கங்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். மூன்றாவது கேள்விக்குப் பதில், பள்ளியிலும் பூங்காவிலும் யாரும் பறிக்கலாம் என்பதாக இருக்கலாம். சாலையோரத்தில் ஏலமாக இருக்கலாம். எதுவானாலும் ஊரே பேசி முடிவெடுக்க வேண்டும்.

தொடக்கத்துக்கு நூறு கன்று தேவையில்லை. தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும் எண்ணிக்கை போதும்; அது பத்தாக இருந்தாலும் சரி. அடுத்த ஆகஸ்ட் 15 அன்று உங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். நமது பொது நிலத்தில் எத்தனை காய்க்கும் மரங்கள் இருக்கின்றன, இந்த மழைக்கு எத்தனை வைக்கப் போகிறோம், யார் பார்த்துக்கொள்வது என்று எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.